செயற்கைக் கலம்: உயிர் இல்லாததற்கு ‘உயிரணு’ என்று ஏன் பெயர்?

‘ஆர்ட்டிஃபிஷியல் செல்’ என்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘செயற்கை உயிரணு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் அந்தப் பெயரில் தயாராவது பெரும்பாலும் உயிரே இல்லாத ஒரு பை. சுற்றிலும் மெல்லிய சவ்வு, உள்ளே துளிக் கரைசல், அதில் சில நொதிகள் அல்லது புரதங்கள், அவ்வளவுதான். தானாகப் பெருகாத ஒன்றின் பெயரிலேயே உயிரை ஏற்றி வைப்பது படிப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடும்.

மூலச் சொல்லிலும் உயிர் இருந்ததில்லை. லத்தீனில் ‘செல்லா’ என்றால் சிறிய அறை, சரக்கு வைக்கும் அறை. 1665-இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்த காலிப் பொந்துகளுக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கும் மேற்பட்ட பொந்துகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். அவர் கண்டது செத்த திசுவின் வெறும் சுவர்கள். உயிரின் அடிப்படை அலகு என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்தச் சொல்லில் ஏறியது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘செல்’, கலைச்சொல் பற்றுள்ளவர்களிடம் ‘உயிரணு’, இலங்கைப் பாடநூல்களில் ‘கலம்’. மூன்றில் இந்த இடத்துக்குப் பொருந்துவது கலம்தான். கலம் என்றால் ஏனம், ஒன்றை உள்ளே வைத்துக் காப்பது. உண்கலம், மரக்கலம், விண்கலம் என்று இன்றும் சொல்கிறோம். மின்கலத்தை ‘மின்னுயிரணு’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘பசுமண் கலத்துள்நீர்’ என்று குறள் 660 சொல்வது சுடாத மண்பாண்டத்தை. அதில் நீர் ஊற்றினால் கலமும் நிற்காது, நீரும் நிற்காது. செயற்கைக் கலம் செய்கிறவர்களின் அன்றாடத் தலைவலியும் இதுவே. எழுதும்போது ‘செயற்கைக் கலம்’ என்று க் மிகும்.

‘ஆர்ட்டிஃபிஷியல் செல்’ என்ற ஆங்கிலப் பெயரை நிலைநிறுத்தியவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சாங். 1957-இல், மாணவராக இருந்தபோதே, ரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினை மெல்லிய செயற்கைச் சவ்வுக்குள் அடைத்துக் காட்டினார். சிறு மூலக்கூறுகள் சவ்வு வழியே போய்வரும், பெரிய புரதம் உள்ளேயே தங்கும். பிறகு இதையே மருத்துவத்துக்குத் திருப்பினார். ரத்தத்திலுள்ள நஞ்சைக் கரி உறிஞ்சும், ஆனால் வெறும் கரி தட்டணுக்களைச் சேதப்படுத்தும், தூளும் ரத்தத்தில் கலக்கும். கரித்துகளுக்குச் சவ்வுப் பூச்சு கொடுத்ததும் அந்தச் சிக்கல் அடங்கியது. பூசிய கரித்துகளும் அவர் கணக்கில் செயற்கைக் கலமே. அதை உயிரணு என்று சொல்லிப் பாருங்கள், சொல் எங்கே உடைகிறது என்று தெரியும்.

இன்று ஆய்வகங்களில் இந்தப் பெயர் பெரும்பாலும் லிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டைப் படலத்தால் ஆன பைகளையே குறிக்கிறது. படலத்தின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். செய்யும் வழிகளில் பரவலான ஒன்று, எண்ணெயில் நீர்த்துளியைப் பால்மமாக்கி மையவிலக்கியில் இறக்குவது. குளோரோஃபார்மில் கரைந்துள்ள பி.ஓ.பி.சி. என்ற வகை லிப்பிடை நைட்ரஜன் ஊதி உலர்த்தி, வெற்றிடத்தில் வைத்து மிச்ச குளோரோஃபார்மையும் போக்கி, கனிம எண்ணெயில் கரைக்க வேண்டும். அந்த எண்ணெயில் 20 மைக்ரோலிட்டர் அளவில் உட்கரைசலை (பைக்குள் இருக்க வேண்டிய கரைசலை) விட்டு, குழாயின் அடியைக் குழாய் நிறுத்தும் தாங்கியின் துளைகள் மீது பலமுறை உரசி இழுத்தால் பால்போல் வெளுக்கும். அதை வெளிக்கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்ற வேண்டும். எண்ணெயில் இருக்கும்போது ஒவ்வொரு துளியையும் ஒற்றை லிப்பிட் அடுக்கு சுற்றியிருக்கும். எண்ணெயும் நீரும் தொடும் இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது அடுக்கு போர்த்திக்கொள்ளும்.

துளி கீழே இறங்க உள்ளே கனம் வேண்டும். அதனால்தான் உள்ளே கனமான மூலக்கூறுள்ள சர்க்கரையான சுக்ரோஸ், வெளியே அதைவிட இலேசான குளுக்கோஸ். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். சமமாக இருக்க வேண்டியது மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கிராம் அல்ல. 100 மில்லிலிட்டரில் 200 மில்லிமோலார் (மூலக்கூறு எண்ணிக்கையைக் கொண்டு செறிவைச் சொல்லும் அலகு) கரைசலுக்கு சுக்ரோஸ் 6.85 கிராம், குளுக்கோஸ் 3.60 கிராம். இரண்டையும் 6.85 கிராம் போட்டால் வெளியே 380 மில்லிமோலார் ஆகிவிடும், பைகள் நீரை இழந்து தொய்ந்து சுருங்கும். மாறாக வெளியே செறிவு குறைந்தால் நீர் உள்ளே புகுந்து பை விம்மி வெடிக்கும். புட்டியில் ‘மோனோஹைட்ரேட்’ (ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை) என்று எழுதியிருந்தால் குளுக்கோஸ் 3.96 கிராம் வேண்டும். லேபிளைப் படிக்காமல் எடை போட்டு வீணான நாட்கள் ஏராளம். உள்ளே புரதம் உண்டாக்கும் கலவையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. அதிலுள்ள உப்புகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்துகொள்வதால், கரைந்த பொருட்களின் மொத்தச் செறிவைக் காட்டும் ஆஸ்மோமீட்டரில் அளந்தே வெளிக்கரைசலைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கண்ணாடியைச் சந்தேகிக்கலாம். வெறும் கண்ணாடியில் பைகள் ஒட்டி, பரவி, கிழிந்துவிடும். முன்கூட்டியே ஆல்புமின் அல்லது கேசீன் என்னும் புரதத்தின் கரைசலால் பூசிக் கழுவிவைப்பது இதற்காகத்தான்.

பை கசியவே கூடாது என்பதும் இல்லை. 2004-இல் நுவாரோ, லிப்ஷாபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஈ. கோலை பாக்டீரியாவின் சாற்றை இப்படிப் பைக்குள் அடைத்துப் புரதம் உண்டாக்கினார்கள். உள்ளிருந்த சத்து தீர்ந்ததும் சில மணி நேரத்தில் உற்பத்தி நின்றது. ஆல்ஃபா ஹீமோலைசின் என்னும் துளைப் புரதத்தைப் பைக்குள்ளேயே உண்டாகச் செய்ததும், வெளியிலிருந்து சத்து புகுந்து 4 நாள் வரை வேலை நடந்தது. எதை விட வேண்டும், எதைப் பிடித்துவைக்க வேண்டும் என்று தெரிந்த கலம் அது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, 2010-இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் கிரெய்க் வென்டரின் குழு அறிவித்த பாக்டீரியா. சுமார் 10.8 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்ட மரபணுத்தொகுதியை வேதிமுறையில் உருவாக்கித் தொகுத்து மைக்கோப்ளாஸ்மா என்னும் வகையைச் சேர்ந்த வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது வளர்ந்தது, பெருகியது. அதை உயிரணு என்பதில் தவறே இல்லை. சவ்வும், புரதம் செய்யும் ரைபோசோமும் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவுடையவை என்பதால், அங்கே இடிப்பது ‘செயற்கை’ என்ற அடைமொழிதான்.