நான்கு பக்க அளவு போதாது

மூன்று குச்சிகளை முனையோடு முனை ஆணியடித்து முக்கோணம் செய்தால், எப்படித் தள்ளினாலும் அது உருமாறாது. நாற்கரம் அப்படியில்லை. 10 செ.மீ. நீளமுள்ள நான்கு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி வைத்து இணைத்துச் சதுரமாக நிறுத்துங்கள்: பரப்பு 100 ச.செ.மீ. ஒரு பக்கமாகத் தள்ளினால் அது சாய்சதுரமாகிவிடும். கூர்ங்கோணம் 30 பாகைக்கு வரும்போது பரப்பு 50 ச.செ.மீ. ஆகிறது. சுற்றளவு மாறவில்லை, கோணங்களின் கூட்டுத்தொகையும் அதே 360 பாகைதான். ஆனால் பரப்பில் பாதியைக் காணோம்!

ஆகவே ஐந்தாவதாக ஓர் அளவு தேவை. ஒரு கோணமாகவும் இருக்கலாம் என்றாலும், மூலைவிட்டமே மேல். கோணத்தைத் துல்லியமாக அளப்பது கடினம். மூலைவிட்டத்துக்கு அளவு நாடா போதும். அது நாற்கரத்தை இரு முக்கோணங்களாகப் பிரிப்பதால் வடிவமும் நிலைத்துவிடுகிறது. சட்டங்களுக்குக் குறுக்குக்கட்டை அடிப்பது இதற்காகத்தான்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் செவ்வகம் குறிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதிர்ப்பக்கங்கள் சமமா என்று பாருங்கள். பிறகு இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 5 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 5.04, மற்றது 4.96 என்று வந்தால், மூலைகள் செங்கோணத்திலிருந்து ஏறக்குறைய 1 பாகை விலகியிருக்கின்றன. பக்க நீளங்களை மாற்றாமல், நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளி, இரண்டையும் சமமாக்குங்கள். முதல் படியைத் தவிர்த்துவிட்டு மூலைவிட்டங்களை மட்டும் நம்புவது ஆபத்து: இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமம்தான்.

ஒழுங்கற்ற நாற்கரத்தின் பரப்பில்தான் பெரும்பிழை நேர்கிறது. எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் குறுக்குவழி செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் கூடுதலாகவே காட்டும். மேலே சொன்ன சாய்சதுரத்துக்கு அது 100 என்று சொல்லும், உண்மையில் இருப்பதைப்போல் இருமடங்கு. அதைவிட ஒரு மூலைவிட்டத்தையும், மற்ற இரு மூலைகளிலிருந்து அதற்கு வரையும் செங்குத்துத் தூரங்களையும் அளப்பது நல்லது. மூலைவிட்டம் 50 மீட்டர், செங்குத்துத் தூரங்கள் 20, 16 மீட்டர் என்றால், பரப்பு ½ × 50 × (20 + 16) = 900 ச.மீ.

ஒரு மூலை உட்குழிந்திருந்தால் அந்த மூலையிலிருந்து செல்லும் மூலைவிட்டத்தையே எடுங்கள். மற்றது வடிவத்துக்கு வெளியே விழும். அதை வைத்துக் கணக்கிட்டால், செங்குத்துத் தூரங்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும்.