உள்ளே இருப்பவருக்கே முதல் வழி

கோலாலம்பூரில் செந்தூல் பக்கமிருந்து துன் ரசாக் சாலையில் வந்து, புலாத்தான் பஹாங் ரவுண்டானாவின் நுழைவில் நின்று, வலப்பக்கத்திலிருந்து ஓயாமல் வரும் வாகனங்களைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் நம்மில் பலர். உரிமம் எடுத்துப் பல வருடங்கள் ஆனவர்கள்கூட, சுற்றிப் போனாலும் பரவாயில்லை, அந்த ரவுண்டானா வேண்டாம் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதை வைத்து, ரவுண்டானா என்பதே காலாவதியான ஏற்பாடு, சமிக்ஞை விளக்கு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டுவது தவறு. சாலைகள் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடத்துக்கு இதுவரை கிடைத்திருக்கும் ஏற்பாடுகளில் மிகவும் பாதுகாப்பானவற்றுள் ஒன்று சிறிய ரவுண்டானா. நம்மை மிரட்டுவது அதன் பெரிய, வேகமான வடிவம்தான்.

சுற்றிப் போகும் சந்திகள் நூறாண்டுக்கு மேல் பழையவை. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905இல் இந்த முறை வந்தது. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 1907இல். ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் அவை தடுமாறிக்கொண்டே இருந்தன. யார் யாருக்கு வழிவிடுவது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. சில நாடுகளில் நுழைகிறவருக்கே முன்னுரிமை இருந்தது. அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் கார், நுழைகிறவருக்காக நிற்கிறது. அதன் பின்னால் வரிசை நீண்டு, முந்தைய வெளிவழியை அடைக்கிறது. அந்த வழியே வெளியேற வேண்டியவர்களும் நிற்கிறார்கள். அவர்களின் வரிசை அதற்கும் முந்தைய வழியை அடைக்கிறது. சற்று நேரத்தில் வட்டம் முழுவதும் இறுகிவிடும். வெளியேற ஒருவராலும் முடியாது, நுழைய மட்டும் எல்லாருக்கும் உரிமை உண்டு.

1966இல் பிரிட்டன் இதைத் தலைகீழாக்கியது: உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். எல்ஆர்டி ரயிலில் இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிட்டால்தான் ஏறுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் என்பதே இங்கும் கணக்கு. இந்த விதியைக் கடைப்பிடிக்கும்வரை வட்டம் தன்னைத்தானே காலி செய்துகொண்டே இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனிலும் மலேசியாவிலும் சுற்று கடிகார முள் திசையில் போகிறது; ஆகவே வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுகிறோம். பிரான்ஸ் 1980களில்தான் இந்த விதிக்கு மாறியது. பிறகு அங்கே ரவுண்டானாக்கள் பல்லாயிரக்கணக்கில் பெருகின. அவற்றைப் பயனுள்ளவையாக ஆக்கியது கான்கிரீட் அல்ல, ஒரு வரி விதி.

நுழைகிறவர் பார்க்க வேண்டியது ஒரே திசை, தேட வேண்டியது ஓர் இடைவெளி. வலப்பக்கத்தில் சுமார் 4 அல்லது 5 வினாடி இடைவெளி தெரிந்தால் சராசரி ஓட்டுநர் நுழைந்துவிடுவார். அவருக்குப் பின்னால் இருப்பவரும், இடைவெளி போதுமானால், ஏறத்தாழ 3 வினாடியில் தொடர்வார். 'பெர்ஹெந்தி' (நில்) பலகை உள்ள சந்தியில், சிறு சாலையிலிருந்து நேராகக் குறுக்கே போக, இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் 6 வினாடிக்கு மேல் இடைவெளி அமைய வேண்டும். அது அமையாதபோதுதான் பொறுமை இழந்தவர்கள் பாய்கிறார்கள்.

சமிக்ஞை விளக்குக்கும் ஒரு விலை உண்டு. ஒரு பக்கத்தின் முறை முடிந்து அடுத்த பக்கத்தின் முறை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 4 வினாடி யாருக்கும் பயன்படாமல் போகிறது: நின்ற வரிசை அசையத் தொடங்கும் நேரம், மஞ்சளின் கடைசிப் பகுதி, எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் கணம். நான்கு முறைகள் உள்ள சந்தியில் ஒரு சுற்றுக்கு 16 வினாடி இப்படியே கரைகிறது. நள்ளிரவில் ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு சிவப்புதான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பச்சை விழுந்து வரிசை ஓட்டம் பிடித்துவிட்டால் ஒரு தடத்தில் 2 வினாடிக்கு ஒரு கார் போகும். அந்த வேகத்தில் ரவுண்டானாவால் விழுங்க முடியாது.

பாதுகாப்பில்தான் வேறுபாடு பெரியது. நான்கு சாலைகள் சந்திக்கும் சாதாரணச் சந்தியில் வாகனப் பாதைகள் வெட்டவோ சேரவோ பிரியவோ செய்யும் மோதல் புள்ளிகள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. நீங்கிய புள்ளிகள் எவை என்பது இன்னும் முக்கியம்: நேருக்கு நேரும் குறுக்காகவும் மோதும் இடங்களே இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது ஒரே திசையில் போகிறவர்கள் உரசிக்கொள்ளும் சாத்தியம். அமெரிக்காவில் இப்படி மாற்றப்பட்ட சந்திகளை 2000ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தபோது, மொத்த விபத்துகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. காயம் ஏற்பட்ட விபத்துகளோ நான்கில் மூன்று பங்கு குறைந்திருந்தன. மனிதர்கள் அங்கேயும் தவறு செய்கிறார்கள். அந்தத் தவறு பெரும்பாலும் தகரத்தோடு நின்றுவிடுகிறது, உடலைத் தொடுவதில்லை.

இதற்கு அடியில் எளிய இயற்பியல் இருக்கிறது, நம் ஊர்ப் பிரச்சினைக்கும் அதில்தான் விடை. வளைவில் கார் திரும்பும்போது நம் உடலை வெளிப்பக்கம் தள்ளுவதுபோல் உணர்கிறோமே, அதன் அளவு வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. அது ஓர் அளவைத் தாண்டினால் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார்; பலகையோ போலீஸோ தேவையில்லை. 15 மீட்டர் ஆரத்தில் அந்த எல்லை மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகம். 60 மீட்டரானால் சுமார் 44. இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் கூடுகிறது. ஆகவே ஆரம் நான்கு மடங்கானால், மோதும்போது வெளிப்படும் ஆற்றலும் நான்கு மடங்கு. வட்டத்தைப் பெரிதாக்கும் ஒவ்வொரு மீட்டரும் அடியைப் பலமாக்குகிறது. புத்ராஜெயாவில் ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுச் சாலை உலகின் மிகப் பெரிய ரவுண்டானா என்று குறிப்பிடப்படுகிறது. அதில் ஓட்டுகிறவருக்கு வளைவு என்ற உணர்வே பெரிதாக இராது.

பெரிய வட்டத்தோடு பல தடங்களும் வருகின்றன. உள்தடத்தில் இருப்பவர் வெளியேற வெளித்தடத்தைக் குறுக்கே வெட்ட வேண்டும். அந்த வெளித்தடத்தின் இட ஓரத்தில் வருவது யார்? மோட்டார் சைக்கிளோட்டி. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நம் பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள். இதை எழுத என்னைத் தூண்டியதும் அதுவே.

இன்னொரு கோளாறு, சமமற்ற ஓட்டம். காலையில் ஒரு சாலையிலிருந்து மட்டும் வெள்ளமாக வாகனங்கள் வந்தால், அடுத்த நுழைவில் இருப்பவருக்கு 4 வினாடி கிடைக்கவே கிடைக்காது. விதி மீறப்படவில்லை, ஆனாலும் அவர் நின்றுகொண்டே இருப்பார். ஒற்றைத் தட ரவுண்டானா நாளொன்றுக்கு சுமார் 20,000 முதல் 25,000 வாகனங்கள்வரைதான் தாங்கும். துன் ரசாக் போன்ற சாலைகளில் அதை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இத்தகைய இடங்களில், வெள்ளம் வரும் அந்த ஒரு சாலையில் மட்டும் நெரிசல் நேரத்துக்கு விளக்கு வைத்து, இடையிடையே நிறுத்தி மற்றவர்களுக்கு இடைவெளி உண்டாக்குகிறார்கள்.

நான் கேட்பது தாமான்களின், அதாவது குடியிருப்புப் பகுதிகளின், உள்ளே இருக்கும் சந்திகளுக்கு. பள்ளிப் பேருந்தும் குப்பை லோரியும் திரும்ப இடம் போதாது என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது: நடுத்திட்டைச் சுற்றி, பெரிய சக்கரங்கள் ஏறிப் போகக்கூடிய தாழ்ந்த விளிம்பு கட்டுவது. காரோட்டி அதன்மேல் ஏற விரும்பமாட்டார், லோரிக்கு அது தடையில்லை. நுழைவுச் சாலையின் நடுவே ஒரு சிறு பிரிப்புத் தீவு இருந்தால், நடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துப் பாதி கடந்து நின்றுகொள்ளலாம். கடக்கும் இடம் வழிவிடும் கோட்டிலிருந்து ஒரு கார் நீளம் பின்னே இருக்க வேண்டும். அப்போதுதான் காரோட்டியின் கவனம் முதலில் நடப்பவர்மீதும் பிறகு வலப்பக்கத்திலும் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ரவுண்டானா வேண்டாம் என்பேன். பார்வையற்றவர்கள் சாலையைக் கடக்க ஒலியை நம்புகிறார்கள். வாகனங்கள் ஒருமிக்க நிற்கும் ஓசைதான் அவர்களுக்குப் பச்சை விளக்கு. ரவுண்டானாவில் ஓட்டம் முழுதாக நிற்பதே இல்லை, வெளியேறும் காரையும் சுற்றிப் போகும் காரையும் காதால் பிரித்தறிவது மிகக் கடினம். அங்கே தேவைப்படுவது, ஒலி எழுப்பும் கருவியோடு கூடிய சமிக்ஞை விளக்கு.