மீன் செத்தால் ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள்

"தொட்டி வாங்கி பத்து நாள்தான் சார் ஆகுது. தண்ணி பளிச்சுனு இருக்கு. மீன் மட்டும் ஒண்ணொண்ணா செத்துட்டே வருது."

அலங்கார மீன்களின் நோய்களைப் பார்ப்பது என் தொழில். இந்தப் புகார் வராத மாதமே இல்லை. இந்த வாரம் வந்தது, குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கிய இரண்டடித் தொட்டி. தொட்டி, கல், பில்டர், ஆறு கோல்ட் ஃபிஷ் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்திருக்கின்றன. இரண்டு மீன் செத்ததும் தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லைக் குழாயடியில் அலசி, பில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை சோப்புப் போட்டுத் துவைத்து, போதாததற்கு மெத்திலீன் புளூ என்ற நீல நிற மீன் மருந்தும் ஊற்றியிருக்கிறார்கள். மிச்ச நாலும் போய்விட்டன.

செத்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு நோயே கிடையாது. தம் கழிவிலிருந்து வந்த அமோனியாவில்தான் செத்தன. அமோனியாவுக்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவில் கலந்திருந்தாலும் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். கண்ணால் பார்த்து "நல்ல தண்ணி" என்று சொல்லவே முடியாது.

தொட்டியில் வளரும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இரண்டும் போதிய அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைக்காரர் சொன்னபடி மீன் இல்லாமல் மூன்று நாள் பில்டரை ஓடவிட்டேன் என்பார்கள். அமோனியாவே இல்லாத தண்ணீரில் அந்த பாக்டீரியா எதைத் தின்று வளரும்?

திரும்பத் திரும்பச் சொல்லியும் மனதில் ஏறாத விஷயத்துக்கு வருகிறேன். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்கிறது. அதனால் தண்ணீரைப் பாதி மாற்றினால் விஷம் பாதி போகும், பாக்டீரியா அப்படியே இருக்கும். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா சாகும். நம் வீடுகளில் நடப்பதோ நேர்த்தலைகீழ். தண்ணீர் மாற்றினால் "செட் ஆகாது" என்று பயந்து விட்டுவிடுகிறார்கள், வாராவாரம் ஸ்பாஞ்சை மட்டும் வெள்ளையாகும்வரை துவைக்கிறார்கள். அந்தப் பழுப்பு வழுவழுப்பு அழுக்கு இல்லை ஐயா, அதுதான் உங்கள் மீனைக் காப்பாற்றப்போகிறது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்து திரும்ப மாட்டுங்கள். அவ்வளவு போதும்.

மீன் ஏற்கெனவே தொட்டிக்குள் இருக்கிறதா? சரி, பதற வேண்டாம். முதலில் ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள், சொட்டு விட்டுப் பார்க்கும் வகை. மருந்துக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழியுங்கள். தினமும் பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) தாண்டினால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மறுநாளும் தாண்டினால் மறுநாளும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் கலந்தே ஊற்ற வேண்டும்.

போர் தண்ணீர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் பி.எச். (தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் எண்) கூடுதலாக இருக்கலாம். பி.எச். 7-இல் இருக்கும் தண்ணீரைவிட 8-இல், அதே அளவு அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. வெயில் காலத்தில் இன்னும் ஏறும். நண்பர் வீட்டில் பிழைத்த மீன் உங்கள் வீட்டில் பிழைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தீனியைக் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பட்டினியில் சாகாது, நம்புங்கள். அமோனியா இறங்கியபின் நைட்ரைட் ஏறும். செவுள் பழுப்பாகி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். 10 லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால், நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். அமோனியாவுக்கு உப்பு உதவாது.

இரவில் பில்டரை நிறுத்துபவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன், நிறுத்தாதீர்கள். ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்கு ஆக்சிஜன் போகாது. பில்டரை ஓட்டும் 5 வாட் ஏர் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 4 யூனிட்கூட ஆகாது.

கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா பற்றிக் கேட்பீர்கள். சில வேலை செய்யும். ஆனால் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலை நான் நம்ப மாட்டேன். அதைவிட நல்லது, பல மாதமாக நோயில்லாமல் ஓடும் நண்பர் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டரோடு சேர்த்து வையுங்கள், வாரக்கணக்கு மிச்சம்.

அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் ஏறினால் தொட்டி தயார். அப்புறமும் ஒரேயடியாக மீன் விடாதீர்கள். இரண்டு சின்ன மீன் விட்டு, ஒரு வாரம் டெஸ்ட் பார்த்து, அடுத்த இரண்டை விடுங்கள். செத்த மீனுக்குப் பதிலாகக் கடைக்காரர் இன்றைக்கே வேறு மீன் தருகிறேன் என்றாலும், ஒரு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.