பெர்ரி பழுத்த இடத்தில்தான் கரடி

ஆகஸ்டில் கரடி எங்கே நிற்கும் என்று என்னிடம் கேட்டால், ஹக்கிள்பெர்ரி என்ற காட்டுப் புதர்ப் பழம் மலையில் எந்த உயரத்தில் பழுத்திருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். வட அமெரிக்க மலைக்காடுகளில் கருங்கரடிகளைத் தேடிப் போகிற வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். அந்தப் பழம் ஜூலையில் அடிவாரத்தில் பழுக்கத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் மேலே ஏறி, செப்டம்பரில் உயரமான சரிவுகளில் முடியும், கரடியும் அதன் பின்னாலேயே ஏறிப் போகும். அதனால் போன வாரம் பார்த்த இடத்திலேயே போய் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீண்.

அடர்ந்த நிழலில் செடி செழிப்பாக இருக்கும், பழம் இருக்காது. பல வருடங்களுக்கு முன் தீப்பிடித்த சரிவு, பனிச்சரிவு மரங்களை வழித்துக்கொண்டு போன தடம் என்று வெயில் விழும் இடங்களைப் பாருங்கள். தெற்கு பார்த்த சரிவில் பழம் முந்தும், வடக்கு பார்த்த சரிவில் பிந்தும்.

அப்புறம் கரடியின் எச்சம். ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். கரடி பெர்ரியை உதட்டால் உருவி, சரியாக மெல்லாமல் விழுங்கிவிடும், அதனால் விதையும் தோலும், சில நேரம் முழுப் பழமுமே அப்படியே வெளியே வந்திருக்கும். அந்தப் பழம் பக்கத்தில் எங்கும் இல்லையென்றால், கரடி மேய்கிற இடம் வேறு, அங்கிருந்து சில மணி நேரத்துக்கு முன்தான் வந்திருக்கிறது.

அலாஸ்காவின் கோடியாக் தீவில் 2014 கோடையில் சிவப்பு எல்டர்பெர்ரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் பழுத்ததும், ஓடை நிறைய சால்மன் மீன் இருந்தும் பழுப்புக் கரடிகள் மீனை விட்டுவிட்டுப் பழத்துக்குப் போய்விட்டன. பழம் என்றால் அவற்றுக்கு அவ்வளவு முக்கியம். இலையுதிர் காலத்தில் ஒரு கரடி நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். பெண் கரடி கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு கருப்பையில் பதிந்து வளரத் தொடங்குவது நவம்பர் வாக்கில்தான், அதற்குள் கொழுப்பு சேரவில்லையென்றால் குட்டியே இல்லை. மேய்கிற கரடியைப் படத்துக்காக நெருங்கி விரட்டாதீர்கள் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான்.

வசந்தத்தில் உறைபனி விழுந்து பூ கருகிய வருடமா? பழம் கிடைக்காத கரடி ஊர்ப்பக்கம் இறங்கும். அப்போது மலையில் தேடுவதைவிட, வீட்டோரக் குப்பைத் தொட்டியைப் பூட்டி வைப்பதுதான் முதல் வேலை.

புதரில் தலையைப் புதைத்துத் தின்கிற கரடிக்கு நீங்கள் வருவது தெரியாது, காற்று எதிரே வீசினால் உங்கள் வாசனையும் எட்டாது. ஆள் உயரப் புதருக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே பைக்குள் வேண்டாம், இடுப்பில் இருக்கட்டும்.