பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவே

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை முதல்முறை ஓட்டப் போனபோது, காலில் மெத்து மெத்தென்ற ஜாகிங் ஷூ. மூன்றாவது லேப்பில், வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரைக் குறைக்கக் கிளட்சை அழுத்தினேன். இஞ்சின் அலறியது. ஷூவின் பிதுங்கிய ஓரம் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்திருந்தது.

அகலமாவது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு. தெரியாத கோளாறு அந்த மெத்தையில் இருக்கிறது.

வேகமாக ஓட்டுபவர், டயர் வழுக்கப் போகிற எல்லைவரை பிரேக்கை அழுத்தி, வளைவுக்குள் நுழையும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். எவ்வளவு அழுத்துகிறோம் என்ற கணக்கைப் பாதத்தின் தோலில் உள்ள நரம்பு முனைகளும் கால் தசைகளும்தான் மூளைக்குச் சொல்கின்றன. ஷூவின் நுரை அடி நடுவில் புகுந்த ஒரு ஸ்பிரிங். காலின் அசைவில் ஒரு பங்கு அதை நசுக்கவே செலவாகிவிடும். காலைத் தளர்த்தினாலும் நுரை உடனே நிமிராது. வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாக்கிவிட்டுச் சோம்பலாக எழும். பெடலின் சின்ன அதிர்வுகளையும் அதுவே விழுங்கிவிடும்.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, வெறுங்காலால் முள் 10 கிலோவைத் தொடும்வரை அழுத்திப் பழகுங்கள். கண்ணை மூடி மறுபடி அழுத்துங்கள். அப்புறம் ஜாகிங் ஷூவோடு. எனக்கு ஷூவோடு குத்துமதிப்பாகத்தான் வந்தது.

சரி, வெறுங்காலே போதுமே? வியர்த்தால் வழுக்கும், தரைத்தகடு சுடும். பெரிய கவலை தீ. சாதாரண ஷூவில் இருக்கும் நைலானும் பாலியெஸ்டரும் ஏறக்குறைய 220 முதல் 265 டிகிரி செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீ அணைந்தபிறகும் சுடும். தீயைத் தாங்கும் இழையான நோமெக்ஸ் உருகாது, கருகும். ரேஸ் ஷூவுக்கு மேலே சுவேட் தோல், உள்ளே நோமெக்ஸ் என்று வைப்பது இதற்காகத்தான். பந்தயத்துக்கென்றால் எஃப்.ஐ.ஏ. (சர்வதேச கார் பந்தய அமைப்பு) தரத்தைக் குறிக்கும் 8856-2018 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டிக்கான ஷூ மெலிதாக, வாகாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் தீயைத் தாங்கவென்று செய்ததல்ல. விலையுயர்ந்த ஷூவுக்குள் பாலியெஸ்டர் சாக்ஸ் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன்!

கடையில் நின்று நடந்து பார்த்து வாங்காதீர்கள். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ரேஸ் ஷூவின் குதிப்பக்கம் வளைந்திருப்பது இந்த அசைவுக்காகவே. ஷூவின் விளிம்பு கணுக்காலுக்குப் பின்னால் உறுத்தினால் வேண்டாம். வெயிலில் பாதம் வீங்கும், அதனால் மாலையில் அளவு பார்ப்பது நல்லது.

ரேஸ் ஷூவின் மெல்லிய அடியோடு பேடாக்கில் (கார்களை நிறுத்தித் தயார்படுத்தும் இடத்தில்) நடந்தால் சீக்கிரம் தேயும், ஆயிலும் ஒட்டும். நான் செருப்போடு திரிவேன். ஷூவைக் காருக்குப் பக்கத்தில் மாட்டி, அடியைப் பழந்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் ஏறுவேன்.