வுல்காரிஸ்: கொச்சையா, வழக்கா?

பிரெஞ்சும் இத்தாலியனும் ஸ்பானியமும் 'கொச்சை இலத்தீனிலிருந்து' பிறந்தவை என்று மொழி வரலாற்று மொழிபெயர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'வல்கர் லத்தின்' (Vulgar Latin) என்பதற்கு அவர்கள் தரும் பெயர்ப்பு இது. அந்த 'வல்கர்' பிறந்த வுல்காரிஸ் என்ற இலத்தீன் பெயரடைக்குக் 'கொச்சை' பொருந்தாது.

வுல்குஸ் என்றால் மக்கள் கூட்டம், பொதுமக்கள். வுல்காரிஸ் என்றால் பொதுமக்களுக்குரிய, எங்கும் வழங்குகிற, சாதாரணமான. ஹொராஸ் போன்ற ரோமானியக் கவிஞர்கள் வுல்குஸை வெறுத்துப் பாடியதும் உண்டுதான். ஆனாலும் ஆங்கிலத்தில் 'வல்கர்' காலப்போக்கில் ஏற்ற 'பண்பற்ற, ஆபாசமான' என்ற பொருளை எடுத்து இலத்தீனின் தலையில் கட்டுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் பழக்கமாகிவிட்டது. மூலச்சொல்லைத் தேடாமல் ஆங்கில அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவதால் வரும் வினை இது.

'கொச்சைத் தமிழ் என்றால் பேச்சுத் தமிழ்தானே' என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். கொச்சை என்ற சொல்லிலேயே 'பிழை' என்ற தீர்ப்பு அடங்கியிருக்கிறது. 'அப்பெண்டிக்ஸ் புரோபி' என்ற பழைய இலத்தீன் திருத்தப் பட்டியல், கண்ணாடிக்கு 'ஸ்பெகுலும் என்க, ஸ்பெக்லும் அன்று' என்றும், காதுக்கு 'அவ்ரிஸ் என்க, ஒரிக்லா அன்று' என்றும் கண்டிக்கிறது. அந்த ஆசிரியருக்கு வேண்டுமானால் அவை கொச்சையாக இருந்திருக்கலாம். அவர் தள்ளிய ஒரிக்லாவே பிரெஞ்சில் ஒரேய் என்றும், இத்தாலியனில் ஒரெக்கியோ என்றும், ஸ்பானியத்தில் ஒரேஹா என்றும் இன்றுவரை வாழ்கிறது. ஸ்பெகுலும் ஸ்பெக்லும் ஆனது போலச் சொல் தேய்வதைத் தமிழ் இலக்கணம் மரூஉ என்று பெயரிட்டு இயல்பு வழக்கில் சேர்த்துக்கொண்டது. தஞ்சாவூரைத் தஞ்சை என்பவரை யாரும் கொச்சையாகப் பேசுகிறார் என்பதில்லை.

இத்தாலியக் கவிஞர் தாந்தே, மக்கள் மொழியின் சொல்வன்மை பற்றிய தம் 'தே வுல்காரி எலொக்வென்சியா' நூலில், குழந்தை செவிலியிடம் கேட்டுப் பழகும் மொழியை வுல்காரிஸ் என்கிறார். இலக்கணம் படித்துக் கற்கும் மொழியோடு ஒப்பிட்டு, இரண்டில் வுல்காரிஸே உயர்ந்தது என்றும் எழுதுகிறார். அவ்விடத்தில் 'கொச்சை'யைப் போட்டால், கொச்சையே உயர்ந்தது என்று அவர் சொன்னதாகிவிடும்.

'பேச்சு இலத்தீன்' என்பது இதைவிட மேலானது. ஆயினும் பண்டைய ரோமானிய நகரமான பொம்பேயியின் சுவர்க் கிறுக்கல்களைப் போல எழுத்தில் கிடைத்த சான்றுகளும் அதில் அடங்குவதால் அதுவும் சற்றுக் குறுகியது. 'வழக்கும் செய்யுளும்' என்று தொல்காப்பியப் பாயிரம் இணைத்துச் சொல்லும் 'வழக்கு' நம்மிடம் இருக்கும்போது, 'வழக்கு இலத்தீன்' என்பதே தகும். வழக்கு என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வரும் என்போர், 'பேச்சு வழக்கு' என்பதை எந்த நீதிபதி முன் வைக்கிறார்களோ!

அறிவியல் பெயர்களில் மட்டும் 'பொது' அல்லது 'சாதாரண' என்பது போதும். ஆங்கிலத்தில் அதே அடைமொழி பெற்ற பின்னத்தைப் (vulgar fraction) பள்ளிக் கணக்கு சாதாரணப் பின்னம் என்றுதான் சொல்கிறது. பீன்ஸுக்கு ஃபாசியோலஸ் வுல்காரிஸ், வாற்கோதுமைக்கு ஹோர்டியம் வுல்காரே என்று ஈறு மாறுவது இலத்தீன் பால் வேறுபாட்டால், பொருள் ஒன்றே. நோய்ப் பெயர்களில் இதை 'பரவலான' என்று பெயர்ப்பதும் தவறு: தோலில் கொப்புளங்கள் வரும் பெம்ஃபிகஸ் வுல்காரிஸ் அரிய நோய், தன் வகை நோய்களுக்குள் வழக்கமானது என்பதே அங்கே பொருள். இனி ஃபொயெனிகுலும் வுல்காரேயைப் பார்த்துப் 'பொதுச் சோம்பு' என்று யாரும் புதிதாக ஆக்க வேண்டாம். பெருஞ்சீரகம் என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.