தேடுபொறி மாறியதற்கு டிஸ்க்கை ஏன் அழிக்கிறீர்கள்?

நேற்றும் ஒருவர் அழைத்தார். "அப்டேட் போட்டதிலிருந்து ஃபயர்பாக்ஸில் வேறு தேடுபொறி வருகிறது. வைரஸ்தான் என்று ஃபார்மேட் செய்து லினக்ஸை மறுபடி போட்டேன். இப்போதும் அதேதான் வருகிறது!"

வராமல் என்ன செய்யும்? அந்த டிஸ்ட்ரோவே (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் தொகுப்பு) அப்படித்தான் அமைத்துத் தருகிறது. பேக்கப் இல்லாத இரண்டு வருடப் படங்கள் போனதுதான் மிச்சம்.

லினக்ஸ் இலவசம், அதனால் அதில் பணமே புழங்காது என்ற நம்பிக்கையை எப்படித்தான் கலைப்பதோ தெரியவில்லை. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி தேடுபொறி ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது. உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல், 2010 ஜனவரியில் யாஹூவை இயல்புத் தேடுபொறியாக்கப் போவதாக அறிவித்தது, உபுண்டு 10.04 பதிப்பு வெளிவரும் முன்பே கூகுளுக்குத் திரும்பிவிட்டது. 12.10-இல் டெஸ்க்டாப் தேடலுக்குள்ளேயே அமேசான் பொருட்கள் வந்தன. எதிர்ப்பு பலமாக இருந்தும், 16.04-இல்தான் அது முன்கூட்டியே அணைக்கப்பட்ட நிலையில் வந்தது. லினக்ஸ் மின்ட்டும் தன் கூட்டாளித் தேடுபொறிகளையே முன்வைத்துவந்தது. 2022 ஜனவரியில் மொசில்லாவுடன் ஒப்பந்தம் போட்டதும் தொடக்கப் பக்கம், தேடுபொறிகள் எல்லாம் மொசில்லாவின் அமைப்புக்கு மாறின. எல்லாம் வெளிப்படையாக அறிவித்துச் செய்ததுதான். நாம்தான் படிப்பதில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எதையாவது தேடிவிட்டு முகவரிப் பட்டையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'கிளையன்ட்' என்பதை அடுத்து 'உபுண்டு' என்பது போல டிஸ்ட்ரோவின் பெயர் இருந்தால், அது தேடல் எந்த வழியாக வந்தது என்று சொல்லும் குறியீடு. உங்கள் பெயர் அதில் இல்லை. (தளங்கள் உங்கள் பிரவுசரில் வைத்துப்போகும் குக்கி வேறு கதை.) பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் தேடல் பகுதிக்குப் போய் மாற்றுங்கள், அரை நிமிட வேலை. இயல்பு பிரவுசரை மாற்றினால் தேடுபொறியும் தானாக மாறும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு.

தேடல் முன்பின் தெரியாத தளம் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போனால் மட்டும் கவலைப்படுங்கள். பெரும்பாலும் பிரவுசரில் நீங்களே சேர்த்த எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்)தான் காரணம், நீக்குங்கள். அலுவலகக் கணினி என்றால், முதலில் அதன் நிர்வாகியைக் கேளுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பிரவுசர் அமைப்பை விதிக்கும் கொள்கைக் கோப்பு வழியாக அவரே மாற்றியிருக்கலாம்.

தயவுசெய்து, எங்கோ கிடைத்த சூடோ கட்டளையை (நிர்வாகி அதிகாரத்தோடு ஓடுவது) டெர்மினலில் ஒட்டிச் 'சுத்தம்' செய்யாதீர்கள். அப்புறம், பேக்கப். உபுண்டு 22.04 முதல் அதனுடன் வரும் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாக (உபுண்டுவின் தனி மென்பொருள் பொதி வகை) மட்டுமே வருகிறது; புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும். பழைய மொசில்லா ஃபோல்டரை மட்டும் எடுத்துவைத்துவிட்டு என்னை அழைக்காதீர்கள்.